நான்கு குடும்பம், ஒரு ஏரி: யோசெமிட்டி மலைக்குள் மூன்று இரவு

கேள்வி சுருக்கமாக இது. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நான்கு நண்பர் குடும்பங்கள். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஆறு பேர், கடைக்குட்டிக்கு 7 வயது. ஜூலை முதல் வாரம் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கார் போய் நிற்கும் கேம்ப்கிரவுண்டாக இல்லாமல், மூட்டையை முதுகில் சுமந்து மலைக்குள் போய்த் தங்க ஆசை. டுவாலமி மெடோஸ் என்ற மலைப் புல்வெளியில் தொடங்கி ஜான் மியூர் ட்ரெயில் என்ற நெடும்பாதை வழியாக யோசெமிட்டி பள்ளத்தாக்குவரை மூன்று நாளில் நடந்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் அழைத்துப்போக முடியுமா என்பது தயக்கத்தோடு கேட்ட கடைசிக் கேள்வி. அவருக்கு 66 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்.

போகலாம், எல்லோரும் போகலாம். ஆனால் அந்த வழி வேண்டாம். டுவாலமியிலிருந்து பள்ளத்தாக்கு சுமார் 22 மைல். இறக்கம்தானே என்று தோன்றும். முதலில் 8,600 அடியிலிருந்து கதீட்ரல் கணவாய்க்காக 9,700 அடிவரை ஏற வேண்டும், பிறகு 4,000 அடி உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். சுமையோடு அவ்வளவு இறங்கினால் பெரியவர்களின் முழங்கால் தாங்காது. 7 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏழு மைல் என்பது காலையில் எழுந்தது முதல் இருட்டும்வரை நடை. அவனுக்கு மலை நினைவில் இருக்காது, "இன்னும் எவ்வளவு தூரம்" மட்டும்தான் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் மூன்று குடும்பமாக டுவாலமியிலிருந்து க்ளென் ஆலின் போனோம். ஆற்றோரமாகச் சுமார் ஆறு மைல், வழியெல்லாம் அருவி, போகும்போது இறக்கம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். திரும்பும் நாள் அதே 800 அடி ஏற்றமானது. நாங்கள் தாமதமாகக் கிளம்பியதால் பிற்பகல் மூன்று மணிக்கு இடியும் ஆலங்கட்டியும் வெட்டவெளிப் பாறைமேல் எங்களைப் பிடித்தன. என் மகளின் உதடு நீலமாகிப் பற்கள் கிட்டிப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை. அவள் போட்டிருந்தது பருத்திச் சட்டை. அந்த வழிமேல் எனக்குக் குறையில்லை, அது மிக அழகான வழி. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

நான் சொல்லும் இடம் மே ஏரி. பூங்காவின் குறுக்கே மலைமேல் போகும் டியோகா சாலையிலிருந்து பிரியும் சிறு சாலையின் முடிவில் காரை விட்டால் ஏரிக்கு 1.2 மைல்தான், ஏற்றம் சுமார் 500 அடி. ஏரி 9,270 அடி உயரத்தில், 10,850 அடி ஹாஃப்மன் மலையின் காலடியில் இருக்கிறது. சாலையிலிருந்து ஒரு மைலுக்குள் கூடாரம் போடக்கூடாது என்பது பூங்காவின் விதி. இந்த ஏரி அந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது, நடந்துவந்து தங்குபவர்களுக்கென்று அங்கே இடமும் உண்டு. ஒரு மைல் நடப்பதற்கா இத்தனை ஏற்பாடு என்று உங்கள் நண்பர் கேட்பார். நடை குறைவு என்பதால்தான் அங்கே போகச் சொல்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் கைக்கு வரும். கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம், மூட்டை கட்ட வேண்டாம். பிள்ளைகள் பாறையோடும் தண்ணீரோடும் பழகுவதற்கு அந்த நாள் வேண்டும்.

தேதியையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பனி உருகி முடியும் ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதியில் அங்கே கொசு மேகம்போல் எழும். வாயைத் திறந்து பேச முடியாத நாட்களும் உண்டு. பனி அதிகம் பெய்த வருஷங்களில் டியோகா சாலையே திறந்திருக்காது. 2023இல் அது ஜூலை 22 அன்றுதான் திறந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் நல்லது. கொசு வெகுவாகக் குறைந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் அடங்கியிருக்கும், பள்ளியும் திறந்திருக்காது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிகற்கள் அந்த வாரத்திலும் விழும். ஆகஸ்டுக்கு ஒரே ஒரு தொல்லை காட்டுத்தீப் புகை. கிளம்புவதற்கு முந்தின நாள் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டு, மோசமாக இருந்தால் தயங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகளின் நுரையீரலைவிடப் பெர்மிட் பெரிதில்லை.

பெர்மிட் பற்றி. யோசெமிட்டியின் நிலத்தில் ஏறத்தாழ 95 சதவீதம், 1984இல் இயற்றிய சட்டத்தின்படி, காப்பாற்றப்பட்ட வனம். அதற்குள் இரவு தங்க வருஷம் முழுவதும் பெர்மிட் வேண்டும். தொடங்கும் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. இடங்களில் 60 சதவீதத்தை 24 வாரம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் குலுக்கலில் கொடுக்கிறார்கள், மீதி 40 சதவீதம் ஏழு நாள் முன்பு திறக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் குலுக்கல் பிப்ரவரி நடுவில் வரும். ஒரு குழுவில் 15 பேர்வரை போகலாம், நீங்கள் 14 பேர், விதிப்படி சரி. ஆனால் ஒரே நாளில் ஒரே பாதையில் 14 இடம் சேர்ந்து கிடைப்பது கடினம். வார இறுதியை விட்டுவிட்டு, செவ்வாய் அல்லது புதன் தொடக்கமாக இரண்டு மூன்று தேதிகளை விண்ணப்பத்தில் கொடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டிரண்டு குடும்பமாக அடுத்தடுத்த நாள் போகலாம். உண்மையில் 14 பேர் சேர்ந்து இருப்பதைவிட அது அமைதியாகவே இருக்கும்.

கடல் மட்டத்திலிருந்து கிளம்பி அன்றே 9,000 அடிக்கு மேல் போய்ப் படுத்தால் பலருக்குத் தலைவலி வரும், சிலருக்கு வாந்தி. அதனால் மூன்று இரவில் முதல் இரவை டுவாலமியில் கழியுங்கள். பெர்மிட் வைத்திருப்பவர்கள் முந்தின இரவு தங்கிக்கொள்ள அங்கே தனி கேம்ப்கிரவுண்ட் உண்டு, கட்டணமும் குறைவு. பிள்ளைகளுக்கு உயர நோய் வந்தால் "தலை வலிக்குது" என்று சொல்லத் தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்பார்கள், சும்மா எரிச்சல்படுவார்கள். அதைச் செல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வும் தண்ணீரும் கொடுத்துச் சரியாகாமல் மோசமானால் மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. மே ஏரியிலிருந்து காருக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதும் நான் அதைச் சொல்ல ஒரு காரணம்.

இனிச் சாப்பாடு. நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றாலும் துவரம்பருப்பு வேகாது. அரிசி வெளியே குழைந்து உள்ளே நறுக்கரிசியாக நிற்கும். குக்கரைச் சுமந்துபோவது முட்டாள்தனமில்லை, ஒரு குழு அப்படிக் கொண்டுவந்து பொங்கல் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எடைக்கு அது கட்டுப்படியாகாது. வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஆகிவிடும் பொருள்களையே எடுத்துப்போங்கள். அவல் முதல் இடம். வீட்டிலேயே கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் தாளித்து, புளியை உலர்த்திப் பொடித்துக் கலந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் புளி அவல் தயார். வறுத்த சேமியா, நெய்யில் வறுத்த ரவை இரண்டும் ஏமாற்றாது. சாதம் வேண்டும் என்றால் வீட்டில் வடித்து, ஓவனில் குறைந்த சூட்டில் சலசலவென்று உலர்த்தி எடுத்துப்போங்கள். வெந்நீரில் கால் மணி ஊறினால் சாதமாகிவிடும், மேலே பருப்புப்பொடியும் நெய்யும். காலைக்குச் சத்துமாவுக் கஞ்சி. நடக்கும்போது மெல்லக் கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை. நம் பாட்டிகள் யாத்திரைக்குக் கட்டிக் கொடுத்தது இதைத்தான், கெடாது, நசுங்காது, கைக்குள் அடங்கும், பசி தாங்கும். சாயங்காலம் குளிர் இறங்கும்போது ஆளுக்கொரு டம்ளர் சூடான ரசம் கொடுத்துப் பாருங்கள். ரசப்பொடியில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள்.

இரவுச் சாப்பாட்டை மட்டும் பொதுவில் வையுங்கள். காலையும் மதியமும் அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாமே பொது என்று தொடங்கிய பயணங்களில் இரண்டு பெண்கள் அடுப்படியை விட்டு நகராமல் மூன்று நாளும் கழித்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. அடுப்பு கேஸ் அடுப்பாக இருக்கட்டும், கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. விறகுத் தீயை 9,600 அடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. மே ஏரி அதற்குக் கீழே இருந்தாலும், வறண்ட வருஷங்களில் தடை வரும். தீ இல்லாத இரவுக்கே தயாராகப் போங்கள், நட்சத்திரமும் நன்றாகத் தெரியும்.

கரடி. கலிஃபோர்னியாவில் இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான். நிறம் பழுப்பாகவும் இருக்கும், அதைப் பார்த்து கிரிஸ்லி கரடி என்று பயப்பட வேண்டாம். அந்த இனம் இங்கே 1920களிலேயே அழிந்துவிட்டது. கருங்கரடிக்கு வேண்டியது உங்கள் உணவுதான். யோசெமிட்டி வனத்தில் உணவைக் கரடி திறக்க முடியாத கடினமான டப்பாவில் வைப்பது கட்டாயம், மரத்தில் கட்டித் தொங்கவிட அனுமதி இல்லை. பெர்மிட் வாங்கும் இடத்திலேயே டப்பா வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் கூட்டத்துக்கு ஆறு அல்லது ஏழு வேண்டியிருக்கும், ஒவ்வொன்றும் காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சன்ஸ்க்ரீன், சோப்பு, குப்பை, தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம்கூட. ஒரு பிள்ளையின் பையில் மறந்துபோன ஒரு முறுக்குப் பொட்டலம் போதும், கரடி தேடி வர. இரவில் டப்பாவைக் கூடாரத்திலிருந்து தள்ளி, தண்ணீருக்கோ சரிவுக்கோ உருண்டுவிடாத இடத்தில் வையுங்கள். கரடி பக்கத்தில் வந்தால் எல்லோரும் ஒன்றாக நின்று கத்துங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள், போய்விடும். காரிலும் உணவை விடாதீர்கள், பாதை தொடங்கும் இடத்தில் இரும்புப் பெட்டிகள் உண்டு. ஒரு தடவை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் போய்விடும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைமை வரும். நம் கவனக்குறைவுக்கு அது உயிரைக் கொடுக்கிறது. காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கைக்குச் சிரமம்தான், ஆனால் அங்கே அணிலுக்குக்கூட ஒரு பருக்கை போடக்கூடாது. மிஞ்சிய சாதம் குப்பையோடு டப்பாவுக்குள் போய், உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும்.

மே ஏரி அங்கே குடிதண்ணீர் எடுக்கும் ஏரி, அதில் குளிக்கவோ நீந்தவோ அனுமதி இல்லை. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், கரையில் போய்ச் சொன்னால் அழுகைதான். நீந்துவதற்குப் பக்கத்திலேயே, டியோகா சாலையோரம் டெனாயா ஏரி இருக்கிறது. குடிக்கும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டிக் குடியுங்கள், ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைப் பல வாரம் பாடாய்ப்படுத்தும். வடிகட்டி பழுதானால் 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பாத்திரம் கழுவுவதும் முகம் கழுவுவதும் கரையில் இல்லை. தண்ணீரை மொண்டுகொண்டு 100 அடி தள்ளிப்போய்.

கழிப்பறை பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், வேண்டியதில்லை. ஒரு சின்ன மண்வாரி. தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரங்களிலிருந்தும் 100 அடிக்கு மேல் தள்ளி, ஆறு அங்குலம் ஆழக் குழி, பிறகு மண்ணால் மூடுவது. காகிதத்தைப் புதைக்கக்கூடாது, பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும். இங்கே நமக்கு ஒரு வசதி: தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளும் பழக்கம். ஆளுக்கு ஒரு பழைய பாட்டில் போதும், காகிதச் சுமையே இல்லை. பிறகு சோப்பும் தண்ணீரும் கைக்கு. மாதவிடாய் வரக்கூடிய பெண்களும் பெரிய பெண்பிள்ளைகளும் கூட்டத்தில் இருப்பார்கள். பயன்படுத்திய நாப்கினை அலுமினியத் தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, இரவில் கரடி டப்பாவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்பே யாராவது ஓர் அக்கா அந்தப் பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்லிவிட்டால் அங்கே அவர்கள் தவிக்க மாட்டார்கள்.

துணிமணி: பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகஸ்டிலும் இரவில் உறைநிலையை ஒட்டிக் குளிரும். கம்பளித் தொப்பி, மழை ஜாக்கெட், தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி உலர்ந்த காலுறை எல்லோருக்கும் வேண்டும். கூடாரமும் ஸ்லீப்பிங் பேகும் இந்த ஒரு பயணத்துக்காக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ஒரு சனிக்கிழமை வீட்டுப் பின்கட்டில் விரித்துப் பாருங்கள். பிள்ளைகள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம். அந்த 7 வயதுக்காரனுக்குத் தன் தண்ணீரும் ஸ்வெட்டரும் போதும்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகக்காரர் கடைசியில். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். வழி தவறினால் தேடி ஓடக்கூடாது, பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்று மும்மூன்றாக ஊத வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பாருங்கள். போன் பெரும்பாலும் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கூட்டத்துக்கு இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நடு நாளில் பெரிய பிள்ளைகளும் தெம்புள்ள பெரியவர்களும் காலை ஏழு மணிக்கே கிளம்பி ஹாஃப்மன் ஏறலாம். ஏரியிலிருந்து ஏற்றம் சுமார் 1,500 அடி, உச்சிக்குக் கீழே பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கும். பூங்காவின் நடுப்புள்ளி என்று சொல்லப்படும் சிகரம் அது, நாலா பக்கமும் தெரியும். நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கோடைப் பிற்பகலில் மேகம் எப்போது திரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னவர்கள் ஏரிக்கரையிலேயே இருக்கட்டும். பாறை இடுக்கில் மார்மாட் என்ற கொழுத்த மலை அணில் வெயில் காயும், கையளவு பீக்கா என்ற முயலினப் பிராணி வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு ஓடும்.

திரும்பும் நாள் டெனாயா ஏரியில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். யோசெமிட்டியில் வாழ்ந்த அவானீச்சி மக்களின் தலைவர் டெனாயா. 1851இல் மாரிபோசா பட்டாளம் என்ற தன்னார்வலர் படை அவருடைய மக்களை இந்த ஏரிக்கரையில் சிறைப்பிடித்தது. ஏரிக்கு அவர் பெயரையே வைக்கிறோம் என்று அவரிடம் சொன்னபோது, இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றார். அந்தப் பெயர் பைவியாக். பனியாறு இழைத்து மினுமினுக்க வைத்த பாறைகளைக் குறிக்கும் சொல். கரையைச் சுற்றி இன்றைக்கும் அந்தப் பாறைகள் வெயிலில் கண்ணாடிபோல் மின்னுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். இரவு தங்க வேண்டாம், ஏரிக்கு வரட்டும். பகலில் நடந்துவந்து திரும்ப வனப் பெர்மிட் தேவையில்லை. ஒரு குடும்பம் அவரோடு கீழே கேம்ப்கிரவுண்டிலோ விடுதியிலோ தங்கி, நடு நாள் காலை அவரை அழைத்து வரட்டும். அவருடைய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி முன்பே கேட்டுவிடுங்கள், முக்கியமாக நடக்கும் நாளில் இன்சுலின் அளவு பற்றி. நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், கூட வருபவர் சட்டைப்பையில் குளுக்கோஸும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும். இன்சுலின் காரின் வெயிலிலும் கெடும், இரவுக் குளிரில் உறைந்தாலும் கெடும். இரவில் போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், பழகிய கேன்வாஸ் ஷூ, இரண்டு கையிலும் ஊன்றுகோல். 1.2 மைலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், நடுவில் உட்கார நிறையப் பாறைகள் உண்டு. நீங்கள் முதல் நாள் ஏறும்போதே யாராவது ஒருவர் ஒரு மடக்கு நாற்காலியைச் சுமந்துபோய்க் கரையில் நிழல் பார்த்துப் போட்டு வையுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.